தாழ்ச்சி என்றால் தாழ்வு மனப்பான்மை இல்லை

காரைக்குடியில் நான் மெய்ப்புப் பார்க்கும் அச்சகத்துக்குப் பக்கத்து ஊர்க் கத்தோலிக்கப் பங்குக் கோயில் ஒன்றின் திருவிழா நோட்டீஸ் வந்தது. கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. நடுவில் கொட்டை எழுத்தில் மையச் சிந்தனை: 'தாழ்வு மனப்பான்மையோடு வாழ்ந்து, பிறரை இறைவனிடம் சுட்டிக்காட்டுவோம்.' பேனா அங்கேயே நின்றுவிட்டது. ஆங்கிலத்து 'ஹ்யூமிலிட்டி'யைத் தமிழாக்கப் போய் வந்த வினை. இந்தத் தாழ்வு மனப்பான்மையைப் பிரசங்கத்திலும் ஜெபக் கூட்டத்திலும் கேட்டுக் கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன். இப்போது அச்சுக்கே வந்துவிட்டது.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் 'தபெய்னோஃப்ரொசுனே'. தாழ்ந்தது, மனம் என்ற இரண்டும் சேர்ந்த சொல். நம் 'மனத்தாழ்மை' அதற்கு அச்சு அசல். லத்தீனில் 'ஹூமிலித்தாஸ்', மண்ணைக் குறிக்கும் 'ஹூமுஸ்' வழி வந்தது. சீர்திருத்தச் சபையார் தாழ்மை என்றார்கள். கத்தோலிக்கர் தாழ்ச்சி என்றார்கள். ஞானோபதேசம் என்ற மறைக்கல்வி படித்த தலைமுறைக்குத் தலையான புண்ணியங்கள் ஏழும் மனப்பாடம், தாழ்ச்சியில்தான் தொடங்கும். அந்தப் பட்டியலில் மட்டசனம் என்றும் ஒன்று உண்டு, அளவாகச் சாப்பிடுவது. அதையும் தொலைத்துவிட்டோம், அது வேறு வயிற்றெரிச்சல்.

சரி, தாழ்வு மனப்பான்மைக்கு வருவோம். அது உளவியல்காரர்களின் சொல். ஆட்லர் பேசிய மனச்சிக்கலுக்குத் தமிழில் வைத்த பெயர். அது உள்ளவன் நாள் முழுக்கத் தன்னையேதான் பார்த்துக்கொண்டிருப்பான்: என்னால் முடியாது, என்னை யார் மதிப்பார்கள், எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். பெருமை பிடித்தவன் வாயிலும் இதே 'என்னை'தான், ராகம்தான் வேறு. இதைப் போய்ப் புண்ணியமாக்கினால் எப்படி? பிலிப்பியர் நிருபத்தில் கிறிஸ்து 'தம்மைத்தாமே தாழ்த்தினார்' என்று இருக்கிறது. அங்கே தாழ்வு மனப்பான்மையை வைத்துப் படித்துப் பாருங்கள். சீடர்களின் காலைக் கழுவத் துண்டை இடுப்பில் கட்டியவர் கூச்சத்திலா கட்டினார்? நம் பக்கத்துக்கே வருவோம். லிஸ்பனில் பிரபுக் குடும்பத்தில் பிறந்த அருளானந்தர், ஜான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைத் துறவி, பண்டார சுவாமியாக உள்ளூர்த் துறவிக் கோலத்தில் மறவர் சீமையில் நடந்து, 1693இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார். அந்த மனிதருக்கா தாழ்வு மனப்பான்மை? இன்றும் தேவகோட்டை வழியாக ஓரியூர் போகிற சனம் அங்கிருந்து செம்மண்ணை அள்ளி முடிந்துகொண்டு வருகிறது. 'ஹூமுஸ்' தேடி லத்தீன் அகராதிக்குப் போக வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தாழ்ச்சி என்றால் சாதி வாடை அடிக்கிறது என்கிறார்கள். அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒருவன் தானாகத் தாழ்வது தன்வினை, அடுத்தவனைத் தாழ்த்துவது பிறவினை. பழி பிறவினைக்கு. அதற்காகத் தன்வினையை ஏன் வீட்டை விட்டுத் துரத்த வேண்டும்? அப்படிப் பார்த்தால் செட்டிநாட்டு வீடுகளில் தாழ்வாரத்துக்கும் பெயர் மாற்ற வேண்டியிருக்கும். முற்றத்தைச் சுற்றி ஓட்டுக்கூரை தாழ்ந்து இறங்குகிறதே, அது என்ன மட்டமான இடமா? வீட்டிலேயே ஆள் புழங்குகிற இடம் அதுதான். கூரை அங்கே தாழ்ந்து கொடுப்பதால்தான் மழை முற்றத்துக்கு வந்து சேர்கிறது.

தன்னடக்கம் என்று போடுகிறவர்களும் உண்டு. அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது: கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் கலாத்தியர் 5ஆம் அதிகாரம் தூய ஆவியின் கனிகளில் கடைசியாக அதைச் சொல்கிறது. ஆசையை அடக்குவது அது. பணிவு நல்ல சொல்தான், 'பெருக்கத்து வேண்டும் பணிதல்' என்று வள்ளுவரே சொன்னது. ஆனாலும் இன்று பணிவு மேலாளர் வரும்போது எழுந்து நிற்பதோடு முடிந்துவிடுகிறது.

இதே கூட்டம்தான் யோவான் 3:30இலும் கை வைத்தது. கிறிஸ்துவைப் பற்றித் திருமுழுக்கு யோவான் சொன்ன வார்த்தை அது. 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்' என்று பழைய பைபிள் சொன்னதைத் திருவிவிலியம் 'அவரது செல்வாக்குப் பெருக வேண்டும். எனது செல்வாக்குக் குறைய வேண்டும்' என்று ஆக்கியது. கிரேக்கத்தில் இருப்பது இரண்டு வினைகள்தான், செல்வாக்கு அங்கே கிடையாது. பாலைவனத்தில் வெட்டுக்கிளி தின்றவருக்குக் கவுன்சிலர் பேச்சு.

நோட்டீஸின் பின்பாதி இதைவிட மோசம். 'பிறரை இறைவனிடம் சுட்டிக்காட்டுவோம்.' தமிழில் இதற்கு என்ன பொருள்? சாமி, இதோ இவன்தான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோள் சொல்வது. வகுப்பில் மானிட்டர் செய்கிற வேலை. 'பாயின்ட் அதர்ஸ் டு காட்' என்கிற ஆங்கில வாக்கியத்தில் மனிதர்கள் நின்ற இடத்திலேயே 'ஐ'யை ஒட்டிவிட்டார்கள். திருமுழுக்கு யோவான் 'இதோ கடவுளின் ஆட்டுக்குட்டி' என்று தம் சீடருக்குக் கிறிஸ்துவைக் காட்டினார், கிறிஸ்துவிடம் சீடரைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிறருக்கு இறைவனைக் காட்டுவோம், அவ்வளவுதான். வேற்றுமை உருபு இடம் மாறினால் சாட்சி சொல்ல வந்தவர் உளவு சொல்கிறவர் ஆகிவிடுவார்.

'தாழ்ச்சியோடு வாழ்வோம், பிறருக்கு இறைவனைக் காட்டுவோம்' என்று திருத்திக் கொடுத்தேன். நோட்டீஸ் கொண்டுவந்த தம்பி தலையைச் சொறிந்தார். "தாழ்ச்சின்னா இப்ப யாருக்குங்க ஐயா புரியும்?" தாழ்வாரம் புரிகிறதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். நோட்டீஸ் சரியாகவே அச்சாயிற்று. பேனரை மட்டும் முந்தின நாளே வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்களாம். பத்து நாள் திருவிழா முடியும்வரை அந்த ஊர்க்காரர்களைக் கடவுளிடம் சுட்டிக்காட்டியபடி அது பங்கு வாசலில் ஆடிக்கொண்டிருந்தது.