இரண்டு மடங்கு என்றால் எத்தனை பேர்?

ஆய்வுக் கட்டுரைகளைப் பொதுமக்களுக்கான செய்திக் குறிப்பாக மாற்றி எழுதுவது என் வேலை. ஆய்வாளர் அனுப்பும் வரைவில் "அபாயம் இரண்டு மடங்காகிறது" என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். எத்தனை பேர் எத்தனை பேராக ஆகிறார்கள்?

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 1995 அக்டோபரில் பிரிட்டன் பார்த்தது. புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்குழாய்க்குள் ரத்தக்கட்டு (ரத்தம் உறைதல்) வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. கணக்கு சரிதான். பழைய மாத்திரையில் சுமார் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் இரண்டு பேருக்கு வந்தது. ஆனால் மக்கள் காதில் விழுந்தது "இரண்டு மடங்கு" மட்டும்தான். பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையையே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. இத்தனைக்கும், கர்ப்ப காலத்தில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். அந்த 7,000 என்ற எண்ணும் எச்சரிக்கையோடு சேர்ந்தே போயிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

"பத்திரிகைக்காரர்கள் திரித்துவிடுகிறார்கள்" என்று ஆய்வாளர்கள் வருத்தப்படுவதுண்டு. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2014இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடும், பின்னால் வந்த செய்திகளோடும் அவர்கள் ஒப்பிட்டார்கள். விலங்கு ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில், விலங்குகளிடம் கண்டதை மனிதருக்கும் பொருந்துவதுபோல் நீட்டி எழுதியவை 36 சதவீதம். குறிப்பே நீட்டியிருந்தபோது செய்திகளில் 86 சதவீதம் அதே தவறைச் செய்தன. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10 சதவீதம்தான். ஆக, பெரும்பாலான மிகை எங்கள் மேஜையிலிருந்தே கிளம்பிப் போகிறது.

பயிற்சி வகுப்புகளில் நானே உருவாக்கிய வரி ஒன்றைக் கொடுப்பேன்: "தினமும் நடந்தால் மனச்சோர்வு குறையும்." ஆய்வு இப்படி நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்: ஒரே ஒரு முறை கேள்வித்தாள் கொடுத்து, நடக்கிறீர்களா, மனநிலை எப்படி என்று கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருமுறை இளம் ஆய்வாளர் ஒருவர் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மனச்சோர்வு இருக்கிறவங்களுக்கு எழுந்து வெளியே போகவே தெம்பு இருக்காதே, மேடம்" என்றார். அப்புறம் அவரே திருத்தினார்: "தினமும் நடப்பதாகச் சொன்னவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவு. நடைதான் காரணமா என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது." எழுதி முடித்துவிட்டுக் கவலையோடு கேட்டார், "இப்படி எழுதினா யார் போடுவாங்க?"

நியாயமான பயம்தான். அதற்கும் கார்டிஃப் ஆய்விலேயே பதில் இருக்கிறது. மிகைப்படுத்திய குறிப்புகளுக்குப் பத்திரிகைகளில் கூடுதல் இடம் கிடைத்ததாகச் சொல்ல அவர்களுக்குப் பெரிதாக ஆதாரம் கிடைக்கவில்லை.

சொற்களிலும் கண்ணிகள் உண்டு. "குறிப்பிடத்தக்க வித்தியாசம்" என்று ஆய்வாளர் எழுதுவது புள்ளியியல் பொருளில். வெறும் தற்செயல் மட்டுமே காரணம் என்றால் இப்படி ஒரு வித்தியாசம் அரிதாகவே வரும் என்பதே அவர் சொல்லவருவது. படிப்பவருக்கோ அது "பெரிய வித்தியாசம்" என்று கேட்கும். நான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, எவ்வளவு வித்தியாசம் என்ற எண்ணை அங்கே வைத்துவிடுவேன். எலிகளிடம் செய்த ஆய்வு என்றால் "எலி" தலைப்பிலேயே வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரி. கடைசிப் பத்திவரை எல்லோரும் படிப்பதில்லை.

ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குறிப்பு வெளியாகும் நாளில் தயவுசெய்து தொலைபேசியை எடுங்கள். நிருபருக்கு சந்தேகம் வருவது அன்றைக்குத்தான். நீங்கள் கிடைக்காவிட்டால் அவர் கையில் இருப்பது அந்த ஒரு பக்கம் மட்டுமே.