மாப்பிள்ளை கோட்டின் சிவப்பு லைனிங்

இந்த சீசனில் கோட் லைனிங்கின் சாயம் சேர்ட்டில் இறங்கி என் தையல் கடைக்கு வந்தவர்களில் போன கிழமை வந்த தம்பி மூன்றாவது ஆள். கடும் நீலக் கோட், லைனிங், அதாவது உள்பக்கத் துணி, ரத்தச் சிவப்பு சாட்டின். வேறு இடத்தில் தைத்தது. காலையில் ஹட்டனில் தாலி கட்டிவிட்டு, கோட்டைப் போட்டபடியே வேனில் கொழும்பு ரிசெப்ஷனுக்குப் போயிருக்கிறார். கினிகத்தேனை வரைக்கும் குளிர். அவிசாவளை தாண்டியதும் வேர்வை. மண்டபத்தில் கோட்டைக் கழற்றினால் வெள்ளை சேர்ட்டின் இரண்டு அக்குளும் முதுகும் ரோஸ் கலர். சேர்ட்டைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

“நல்ல பட்டு லைனிங் என்றுதானே அண்ணே சொன்னாங்க” என்றார். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சாட்டின் என்பது நூலின் பெயர் இல்லை, நெய்யும் முறையின் பெயர். ஒரு இழை பல இழைகளைத் தாண்டி மேலே மிதந்து போவதால் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது, அவ்வளவுதான். பட்டு நூலிலும் சாட்டின் நெய்யலாம், பொலியெஸ்டரிலும் நெய்யலாம். என் மேசைக்கு ‘பட்டு’ என்று வந்தவற்றில் பெரும்பாலானவை பொலியெஸ்டர்தான். தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஓரத்தில் நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பட்டு என்றால் மயிர் கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும்.

பொலியெஸ்டர் கெட்ட துணி என்று சொல்லவில்லை. உழைக்கும், விலையும் குறைவு. ஆனால் வேர்வையை உறிஞ்சாது. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் அது உங்களுக்குத் தெரியாது, கொழும்பில் தெரியும். விஸ்கோஸ் என்று இன்னொரு லைனிங் துணி உண்டு, அது உறிஞ்சும், ஆனால் நனைந்தால் பலம் குறையும். இறுக்கமாகத் தைத்தால் அக்குளில் கிழியும். என்னைக் கேட்டால் குப்ரோ. பஞ்சுக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையிலிருந்து செய்வது, பெம்பெர்க் என்ற பெயரிலும் வரும். விலை கூடத்தான். மலையில் கிடைப்பது கஷ்டம், கொழும்பு போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கலர் ஆசை தப்பே இல்லை. மயில் பச்சை, மாம்பழ மஞ்சள், பூப்போட்டது, எதுவும் வையுங்கள். அதற்கு முன்னால் வெள்ளைத் துணியை நனைத்து லைனிங்கில் அழுத்தித் தேயுங்கள். கொஞ்சம் சாயம் ஒட்டினாலும் வேண்டாம். சாயம் போட்ட பிறகு மிச்சச் சாயத்தை ஒழுங்காகக் கழுவி எடுக்காத துணி அது. ஒரு தடவை அலசினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள்.

கோட் கையின் லைனிங்குக்கு மட்டும் வெளிர் நிறமோ வெள்ளைக் கோடு போட்டதோ வையுங்கள். பழைய டெய்லர்மார் அப்படித்தான் வைத்தார்கள். சேர்ட்டோடு ஓயாமல் உரசுவது கைதான். கிரீம் கலர் கோட்டுக்குக் கடும் நிறமோ பெரிய பூவோ கூடாது, வெளியே நிழலாடும்.

தொழில் செய்கிற தம்பிமாருக்கு: வெட்டுவதற்கு முன் லைனிங்குக்கு ஆவி கொடுங்கள். முதுகு நடுவில் மடிப்பு விடாமல் தைக்காதீர்கள், இரண்டு சென்டிமீட்டராவது வேண்டும். மாப்பிள்ளை கையைத் தூக்கி மாலை போடப்போகிறார்.

அம்மாமாரே, சீட்டுக் காசு எடுத்துத் தைக்கிற கோட் இது. தயவுசெய்து கல்யாணத்துக்கு முதல் நாள் வாங்க வராதீர்கள். பத்து நாள் முன்பே மகனைக் கூட்டி வாருங்கள். அன்றைக்குப் போடப்போகிற சேர்ட்டையே போட்டு வரட்டும். கோட்டோடு அரை மணி நேரம் கடையில் உட்காரச் சொல்லுவேன், கோபிக்க வேண்டாம்.