திரையிடல் அன்று, முதற்கட்ட நோய்த்தேடல்

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கான காசநோய் வழிகாட்டுதல்கள் தமிழில் வரும்போதெல்லாம் 'ஸ்கிரீனிங்' என்ற சொல்லுக்கு 'திரையிடல்' என்று எழுதும் வழக்கம் பரவிவருகிறது. ஓரிடத்தில் நேர்ந்த பிழை என்றால் பொறுத்துக்கொள்ளலாம்; கைப்பிரதி, பயிற்சி ஏடு, அறிவிப்புப் பலகை என எங்கும் இதே சொல்லைக் காணும்போது, அதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். தம்மிடம் நோய் இருப்பதை அறியாத மக்களிடையே, விரைவில் செய்து முடிக்கக்கூடிய எளிய வழிகளால், நோய் இருக்க வாய்ப்புள்ளவர்களை இனங்காண்பதே ஸ்கிரீனிங். நோயை உறுதிசெய்வது அதன் வேலை அன்று. 1951இல் அமெரிக்காவின் நாட்பட்ட நோய்கள் ஆணையம் தந்த வரையறையே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எச்.ஐ.வி.யுடன் வாழும் வயதுவந்தோரிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு முறையும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் பரிந்துரைத்தது: இப்போது இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, இரவில் வியர்க்கிறதா. ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தாலும் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை பெறுவோரிடம் இந்தக் கேள்விகள் மட்டும் போதவில்லை என்பதால், 2021இல் மார்பு எக்ஸ்ரே, இரத்தத்தில் சி.ஆர்.பி. என்னும் அழற்சி காட்டும் புரதத்தின் அளவு, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் விரைவு மூலக்கூறுச் சோதனை ஆகியவையும் இதற்கான கருவிகளாகச் சேர்க்கப்பட்டன.

சொல்லின் வேர் நெடுங்கதை ஒன்றும் இல்லை. நெருப்பின் வெப்பத்தைத் தடுக்கும் மறைப்பு என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'ஸ்கிரீன்', பின்னர் மண்ணையும் கரியையும் சலிக்கும் பெரிய சல்லடைக்கும் பெயரானது. மருத்துவச் சொல் அந்தச் சல்லடையிலிருந்து கிளைத்ததே தவிர, மறைப்பிலிருந்தோ படம் காட்டும் வெண்திரையிலிருந்தோ அன்று.

'திரையிடல்' இடறுவது இங்கேதான். அகராதியில் 'ஸ்கிரீன்' என்பதற்கு முதலில் நிற்கும் 'திரை'யை எடுத்து 'இடல்' சேர்த்துவிட்டால் கலைச்சொல் பிறந்துவிடாது. தமிழில் திரை என்றால் அலை, தோலின் சுருக்கம், மறைக்கும் துணி. திரையிடுவது என்றால் மறைப்பது. இக்காலத்தில் படத்தைக் காட்டுவது. ஒளிந்திருக்கும் நோயை வெளிக்கொணரும் செயலுக்கு மறைக்கும் வினையைப் பெயராக வைப்பது பொருளையே தலைகீழாக்குகிறது. அதிலும், தம் நிலையைப் பிறர் அறிந்துவிடுவார்களோ என்ற அச்சத்தோடு மருத்துவமனைக்கு வருபவர், 'உங்களுக்குத் திரையிடல் செய்யப்படும்' என்பதைப் படித்தால் என்ன எண்ணுவார்? தம்மைத் திரைக்குப் பின்னால் தனியே வைக்கப்போகிறார்கள் என்றோ, தம் விவரத்தைத் திரையில் காட்டப்போகிறார்கள் என்றோ அஞ்சலாம். இரண்டுமே நடக்கப்போவதில்லை, ஆனால் அந்த அச்சத்தை உண்டாக்குவது சொல்தான். பலரும் வழங்கிவிட்டதால் இதை ஏற்றுக்கொள்ளலாம் என்பது இச்சொல்லின் ஆதரவாளர்கள் வாதம். வழங்கியிருப்பவர்கள் எழுதுவோரே, செவிலியரோ நோயாளியோ பேச்சில் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் 'ஸ்கிரீனிங்' என்றே சொல்கிறார்கள், அல்லது 'சளி இருமல் இருக்கான்னு கேட்பாங்க' என்கிறார்கள்.

வேர்ப்பொருளுக்கு நெருக்கமானவை 'சலித்தெடுத்தல்', 'வடிகட்டல்' என்னும் சொற்கள். இலக்கணத்தில் குறையில்லை, ஆயினும் மக்களுக்கு இவை பொருந்தா. வடிகட்டினால் எஞ்சுவது சக்கை, சலித்தால் எஞ்சுவது கப்பி. ஏற்கெனவே ஒதுக்கப்படுதலை அறிந்தவர்களை நோக்கி இப்படி ஒரு சொல்லை வீசலாகாது.

'பரிசோதனை' என்ற பொதுச்சொல் எளிது. தீங்கு அதில்தான் மிகுதி. நான்கு கேள்விகளுக்கும் 'இல்லை' என்று விடை சொன்னவர், 'காசநோய்ப் பரிசோதனை முடிந்தது' என்று குறிப்பேட்டில் கண்டால், சளியைச் சோதித்து நோய் இல்லையென உறுதிசெய்துவிட்டதாகவே நம்புவார். 'முன்சோதனை' சற்று மேலானது, ஆனால் எச்.ஐ.வி. துறையில் 'சோதனைக்கு முந்தைய ஆலோசனை' என்ற வழக்கு இருப்பதால் இரண்டும் குழம்புகின்றன.

ஆகவே எழுத்தில் 'முதற்கட்ட நோய்த்தேடல்' என்பதே தகும் என்பது என் முடிவு. கேள்வி, எக்ஸ்ரே, இரத்தச் சோதனை எதுவாயினும் 'தேடல்' தாங்கும். 'முதற்கட்டம்' என்பது அடுத்த கட்டம் உண்டு என்பதைச் சொல்லும். ஒவ்வொரு வருகையிலும் நடப்பதை எப்படி முதற்கட்டம் என்பது எனக் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் தேடல் புதிதாகத் தொடங்குகிறது என்பதே விடை. 'அறிகுறித் தேடல்' என்று சுருக்கவும் கூடாது, அறிகுறியே இல்லாதவரிடமும் நோய் இருக்கலாம். 'காசம்' என்ற வடசொல்லுக்கே இருமல் என்றுதான் பொருள், எச்.ஐ.வி.யால் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கோ காசநோய் நுரையீரலுக்கு வெளியே, இருமலின்றியும் வரும். எடைக்குறைவைப் பெயரிலேயே வைத்திருந்த 'எலும்புருக்கி' இந்த வகையில் கூர்மையான சொல்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. 'எச்.ஐ.வி. நேர்மறையான நபர்கள் திரையிடலில் நேர்மறையாக இருந்தால் மேல் மதிப்பீட்டிற்கு உட்படுத்தப்பட வேண்டும்' என்ற வகை வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. முதல் 'நேர்மறை' தொற்று உறுதியானதைக் குறிக்கிறது. இரண்டாவது ஐயத்தை மட்டுமே குறிக்கிறது. ஒரே சொல்லால் இரண்டையும் எழுதினால், படிப்பவர் தமக்குக் காசநோயும் உறுதியாகிவிட்டதென்று கலங்குவார். 'எச்.ஐ.வி.யுடன் வாழ்பவருக்கு நான்கில் ஓர் அறிகுறி இருந்தாலும் காசநோய் உள்ளதா என்று சோதிக்க வேண்டும்' என்றால் எல்லாம் அடங்கிவிடுகிறது. அறிகுறி எதுவும் இல்லாதபோதும் 'எதிர்மறை' என்று எழுதி நிறுத்தாமல், 'இப்போது காசநோய்க்கான அறிகுறி இல்லை. தடுப்பு மருந்து தொடங்கலாமா என்று மருத்துவர் பார்ப்பார். அடுத்த முறை வரும்போது மீண்டும் கேட்போம்' என்று முழுதாக எழுத வேண்டும்.