உப்பு ஜாடிக்குள் ஓர் அளவுகோல்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பாட்டனார் காலத்துக் கணக்கேடுகளும் ஓலைச்சுவடிகளும் இருக்கும் தேக்கு அலமாரியில் மூன்று டிஜிட்டல் உணரிகளை வைத்தாராம். ஒரே தட்டில், ஒரே நேரத்தில் அவை 61, 66, 70 விழுக்காடு என்று மூன்று விதமாக ஈரப்பதம் காட்டுகின்றன. எதை நம்புவது என்று கேட்கிறார். ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற அளவு, பல நாள்கள் தொடர்ந்து 65-க்கு மேல் நின்றால் தாளில் பூஞ்சை பிடிக்க வாய்ப்புண்டு என்பதால், இந்த வேறுபாட்டைச் சிறிதென்று ஒதுக்க முடியாது.

இத்தகைய உணரிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே மெல்லிய பாலிமர் படலம் கொண்ட ஒரு மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்பு, இருக்கிறது. காற்றிலுள்ள நீராவி படலத்துக்குள் புகுந்து வெளியேறும். மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்று காட்டும் மின்காப்பு மாறிலி, பாலிமருக்கு ஏறக்குறைய 3 அல்லது 4, நீருக்கோ 80. ஆகவே சிறிதளவு ஈரம் ஏறினாலும் மின்தேக்குத்திறன் மாறிவிடும். அந்த மாற்றத்தைத்தான் சில்லு எண்ணாக்கித் தருகிறது. புதிதாக வாங்கும்போதே எஸ்.எச்.டி.31 வகை உணரியில் 2 விழுக்காட்டுப் புள்ளி வரையும், மலிவான டி.எச்.டி.22 வகையில் 5 விழுக்காட்டுப் புள்ளி வரையும் பிழை இருக்கலாம். தூசும் ரசாயன ஆவியும் படப்பட அது இன்னும் விலகும்.

சரியான அளவு எங்கே கிடைக்கும்? அடுப்படியிலேயே கிடைக்கும். ஐப்பசி அடைமழையில் உப்பு ஜாடி நீர்விட்டு நிற்பதையும், பங்குனி வெயிலில் அதே உப்பு கட்டிதட்டிப் போவதையும் நம் ஆச்சிமார் பார்த்தே வளர்ந்தவர்கள். தூய சோடியம் குளோரைடுக்கு இந்த எல்லை ஏறக்குறைய 75 விழுக்காடு. காற்றின் ஈரப்பதம் அதற்கு மேலே போனால் உப்பு நீரை இழுத்துக் கரையும். கீழே இறங்கினால் நீரை விட்டுவிட்டு மீண்டும் படிகமாகும். கல்லுப்பு இன்னும் முன்பே கசிவதற்குக் காரணம், அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு.

இப்போது சிறிது உப்பில் சில துளி நீர் விட்டு, ஈர மணல் பதத்தில், கரையாத உப்பு மிஞ்சியிருக்கும்படி குழைத்து, மூடிய கண்ணாடி ஜாடிக்குள் வைப்போம். ஜாடிக் காற்றில் நீராவி குறைந்தால் கரைசலிலிருந்து நீர் ஆவியாகும். கரைசல் செறிவடையப் பார்க்கும், ஆனால் அதற்குள் உபரி உப்பு படிகமாகப் பிரிந்துவிடும். நீராவி கூடினால் நீர் கரைசலுக்குள் இறங்கும். உடனே மிஞ்சிய உப்பில் கொஞ்சம் கரைந்து அதை ஈடுகட்டும். இரண்டு வழியிலும் கரைசலின் செறிவு அசைவதில்லை. செறிவு அசையாததால், வெப்பநிலை மாறாதவரை, அதன் மேலுள்ள நீராவி அழுத்தமும் அசைவதில்லை. எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர் என்று நிறுக்க வேண்டியதே இல்லை. ஒரு பாட்டில் மூடியளவு உப்புக் குழம்பு, எவர் கைபட்டாலும் ஒரே விடையைத் தருகிறது என்பதை எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. 1977-இல் அமெரிக்காவின் லூயிஸ் கிரீன்ஸ்பான் தொகுத்த அட்டவணைப்படி 30 டிகிரி செல்சியஸில் சாதாரண உப்புக்கு 75.1 விழுக்காடு, மெக்னீசியம் குளோரைடுக்கு 32.4 விழுக்காடு. உணரியை ஒப்பிட நமக்கு வேண்டிய இரண்டு புள்ளிகள் இவைதாம். ஆகவே மெக்னீசியம் குளோரைடையும் இதே பதத்தில் குழைத்து இன்னொரு ஜாடியில் வைக்க வேண்டும்.

வெப்பநிலையை முதலில் சரிபார்க்க வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில், நீர் புகாத உறையிட்ட உணரி 0 டிகிரி காட்ட வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. 30 டிகிரிக்கு அருகே, ஜாடிக் காற்றைவிட உணரி 1 டிகிரி சூடாக இருந்தாலே 75 என்பது 71 ஆகத் தெரியும். அதனால் உணரியின் அளவைப் படிக்கும், சூடு வெளியிடும் ஈ.எஸ்.பி.32 என்னும் சிறு கணினிப் பலகை ஜாடிக்கு வெளியே இருக்கட்டும். மெல்லிய கம்பியுடன் உணரி மட்டும், உப்பைத் தொடாமல், உள்ளே தொங்கட்டும். கம்பித் துளையை மெழுகால் அடைப்பது நல்லது. வாடையடிக்கும் பசையின் ஆவி படலத்தைக் கெடுக்கும். வெயில் விழும் வளவை (முற்றத்தை) விட்டு, தடித்த சுவர் சூழ்ந்த உள்ளறையில் ஜாடியை வைத்தால் வெப்பநிலை நிலையாக இருக்கும்.

நிமிடத்துக்கு ஒரு முறை அளவைப் பதிவுசெய்து, பைத்தான் நிரல்மொழியில் வரைபடமாக்கிப் பார்த்தால், கோடு ஏறி வளைந்து தட்டையாவது தெரியும். ஓர் இரவு முழுவதும் பொறுப்பது நலம். உப்பு ஜாடியில் உணரி 79.0 என்றும் மெக்னீசியம் ஜாடியில் 35.5 என்றும் காட்டினால், அட்டவணை எண்களின் வேறுபாடு 42.7, உணரி காட்டியவற்றின் வேறுபாடு 43.5. சாய்வு 42.7 வகுத்தல் 43.5, அதாவது 0.982. உணரி காட்டும் எண்ணை இதனால் பெருக்கியபின் கழிக்க வேண்டியது 2.45. ஈ.எஸ்.பி.ஹோம் என்னும் திறந்த மூல மென்பொருளில், அதாவது நிரலை எவரும் படித்து மாற்றக்கூடிய மென்பொருளில், ‘காலிபிரேட் லீனியர்’ என்ற வடிகட்டிக்கு உணரி காட்டிய எண், அட்டவணை எண் என்ற இந்த இரண்டு இணைகளைக் கொடுத்தாலே போதும், கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். கடையில் வாங்கும் மூடிய கருவிகள் பலவற்றில் திருத்தம் செய்ய வழியே இல்லை. செய்ய முடிந்தாலும் உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. திறந்த மூலத்தில் திருத்தம் எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு வரியாக நிற்கிறது.

கல்வி வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி இது. அதன் சுற்றுவட்டாரப் பள்ளி ஒன்றில் உணரி வாங்கப் பணம் கிடைத்தும், சரிபார்க்க ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படாததைக் கண்டு வருந்தினேன். அளவுத்திருத்தத்துக்கென்று தனி நிதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கானாடுகாத்தான் வாசகர் மூன்று உணரிகளையும் ஒரே ஜாடியில் சேர்த்தே தொங்கவிடலாம். திருத்தும் முன் கிடைத்த எண்களையும் தேதியையும் நிரலிலேயே குறிப்பாக எழுதி வைக்கட்டும். அடுத்த ஐப்பசிக்கு முன் மீண்டும் ஜாடியில் இட்டு, எந்த உணரி எவ்வளவு விலகியது என்று ஒப்பிட அது உதவும்.