குள விளக்கு ஏன் சீக்கிரம் செத்துப்போகிறது?

நீச்சல்குளத்துக்கு விளக்கு வாங்க வரும் அபார்ட்மென்ட் அசோசியேஷன்காரர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்பார்கள்: எத்தனை வாட், எத்தனை கலர். வாட் கேட்பதில் தப்பில்லை. பார்56 என்ற பழைய வட்ட வடிவ ஹாலஜன் பல்பு ஒன்று 300 வாட் இழுக்கும், அந்த இடத்தில் சுமார் 35 வாட் எல்இடி போதும். ஆறு விளக்கு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 9 யூனிட் ஓடிய மீட்டர் ஒரு யூனிட்டைச் சற்றே தாண்டி நின்றுவிடும். ஆனால் அந்த எல்இடி அடுத்த மழைக்காலத்துக்குள் தண்ணீர் புகுந்து செத்தால், மிச்சமான கரன்ட் காசு புது விளக்குக்கே போய்விடும்.

என்னிடம் வரும் செத்த விளக்குகளைப் பிரித்தால் எல்இடி சில்லுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது எல்இடிக்குக் கரன்ட்டைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் போர்டு, அதுவும் ஈரம் பட்டு. விளக்கு எரியும்போது உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரிகிறது, அணைத்ததும் குளிர்ந்து சுருங்குகிறது, அப்போது தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதன் வழியாகக் குளத்துத் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. தினமும் இது நடந்தால் எத்தனை நாள் தாங்கும், சொல்லுங்கள். அதனால்தான் காற்றுக்கே இடமில்லாமல் முழுக்க ரெசின் (ஊற்றினால் இறுகிவிடும் பிசின்) ஊற்றிய விளக்கை வாங்கச் சொல்கிறேன். ரிப்பேர் பண்ண முடியாதே என்பார்கள். உண்மைதான், ஆனால் பிரித்து ஒட்டிய குள விளக்கு நிலைத்து நான் பார்த்ததில்லை.

தண்ணீர் உள்ளே புக யாரும் சந்தேகப்படாத இன்னொரு வழி கேபிள். குளக்கரை ஜங்ஷன் பாக்ஸில் டேப் சுற்றிவிட்ட ஜாயின்ட் மழையில் நனைந்தால், உறைக்குள் செப்பு இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஊர்ந்து நேராக விளக்குக்குள் போய்ச் சேரும். ஜாயின்ட் நீர்மட்டத்துக்கு மேலே, ஜெல் நிரப்பிய பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

தண்ணீரில் மூழ்கியே இருந்தாலும் தாங்கும் என்று சொல்லும் ஐபி68 என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும், சோதனையும் நல்ல தண்ணீரில்தான் நடக்கிறது, குளோரினில் இல்லை. உப்பு குளோரினேட்டர் (உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி) உள்ள குளத்தில் விளக்கின் 304 ரக ஸ்டீல் வளையம் துருப்பிடிக்கும், 316எல் ரகம் கேட்டு வாங்குங்கள். அப்புறம், குளத்தைக் காலி செய்து கழுவும்போது வெளிச்சத்துக்காக இந்த விளக்கைப் போட்டுவிடுகிறார்கள்! சுற்றியிருக்கும் தண்ணீர்தான் அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது, வறண்ட குளத்தில் எரியவிட்டால் உள்ளேயே வெந்துவிடும்.

230 வோல்ட் விளக்கை "சீல் பண்ணியிருக்கு சார்" என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஆள் இறங்கும் தண்ணீருக்குள் ஏசி என்றால் 12 வோல்ட்தான் உச்சம், அதுவும் குளத்திலிருந்து தள்ளி வைத்த, மெயின் லைனோடு நேரடித் தொடர்பில்லாத ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து, அதன் முன்னால் கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியோடு.

12 வோல்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு விளக்குக்குச் சுமார் 3 ஆம்பியர், 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 30 மீட்டர் போனாலே ஒரு வோல்ட்டுக்கு மேல் குறையும். கேபிள் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆறு விளக்கையும் அதே ஒன்றில் கோத்தால் கடைசி விளக்கு அழுது வடியும். இப்படி மங்கலான குளங்களில் நான் முதலில் பார்ப்பது கேபிளைத்தான், விளக்குக்கு ஒரு கேபிள் எனப் பிரித்து இழுத்த பிறகு பல இடங்களில் புது விளக்கே தேவைப்பட்டதில்லை.