பிரஷர் பிளேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிவிடாதீர்கள்

கும்பகோணத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய அம்பாசடர், பியட், எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வரும். கொஞ்ச வருடமாக இந்தப் பக்கம் தாத்தா ஓட்டிய வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்துத் தயார் பண்ணும் ஆசை கூடியிருக்கிறது. மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசடர்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். நல்லது, எனக்கும் பிழைப்பு. ஆனால் பெயிண்டு, சீட்டுத் துணி, குரோமியம் என்று பணத்தைக் கொட்டிவிட்டு, என்ஜினுக்கு வரும்போது மட்டும் "அண்ணே, ரீபோர் பண்ணி கிராங்கைத் தேய்ச்சுப் போட்டுடுங்க, போதும்" என்பார்கள். ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சீர்செய்வது, கிராங்க் என்றால் பிஸ்டன் ஓட்டத்தைச் சுற்றாக மாற்றும் தண்டு. பேலன்சிங், அதாவது சுற்றுகிற சாமானில் எல்லாப் பக்கமும் எடை சமமாக இருக்கச் செய்வது, என்று வாயெடுத்தால், "அது டயருக்குத்தானே?" என்று ஒரு கேள்வி வரும்.

டயருக்கும்தான். ஆனால் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 650 சுற்றுதான் சுற்றுகிறது, என்ஜின் அதைவிட நாலு மடங்குக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். ரைஸ் மில்லில் தவிடு ஊதும் ப்ளோயரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: ஒரே ஒரு இறக்கையில் ஈரத் தவிடு அப்பிக்கொண்டால் போதும், மொத்த ஸ்டாண்டும் உதறும். கணக்காகச் சொன்னால், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பக்கம் 10 கிராம் கூடுதலாக இருந்தால், 2000 சுற்றில் அது சுமார் நாலரை கிலோ எடையளவு வெளியே இழுக்கும். 4000 சுற்றில் ஒன்பது கிலோ என்று நினைப்பீர்கள், இல்லை, 18 கிலோ. வேகம் இரட்டித்தால் இழுவை நாலு மடங்கு. அந்த இழுவை ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி மெயின் பேரிங்கைத்தான் அடிக்கிறது. பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அசடு வழிந்து தெரிந்துகொண்டேன். தொழில் ஆரம்பித்த புதிதில் மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு மார்க் 2 அம்பாசடர் வந்தது. கிராங்கையும், அதன் பின்முனையில் மாட்டுகிற கனமான சக்கரமான பிளைவீலையும் கோயம்புத்தூருக்கு அனுப்பி பேலன்ஸ் செய்து வாங்கி, ரொம்பப் பெருமையாக என்ஜினைக் கட்டினேன். கட்டும்போது கிளட்சுக்கு ரீகண்டிஷன் செய்த கவர் (பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங்கும் அடங்கிய, பிளைவீலில் மாட்டும் மூடி) ஒன்றைக் கடையில் வாங்கி, பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டினேன். ஐடிலில் தேன் மாதிரி ஓடியது. 2500-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் இருக்கிற கியர் கம்பி தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி ஆட ஆரம்பித்தது. என்ஜின் மவுண்டிங்கை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றினேன், பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாப்டைச் சந்தேகப்பட்டேன். எல்லாம் தண்டம். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த சமயம், வண்டிக்காரப் பெரியவருக்கு நாற்றங்கால் வேலை தலைக்கு மேல் கிடந்ததால் அவர் என்னை அவசரப்படுத்தவில்லை, அந்த ஒன்றுதான் என் புண்ணியம். கடைசியில் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், குற்றவாளி அந்தக் கவர். ஸ்பிரிங்கும் லீவரும் இரண்டு மூன்று பழைய கவரிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது, ஒரு பக்கம் எடை தள்ளியிருந்தது.

அன்றிலிருந்து கவர் இல்லாமல் பிளைவீலை அனுப்புவதில்லை. வரிசை இப்படி: முதலில் கிராங்கை மட்டும் சுற்றிப் பார்க்க வேண்டும். அது நீளமான சாமான், முன்பக்கம் ஒரு திசையிலும் பின்பக்கம் எதிர்த் திசையிலும் எடை தள்ளியிருந்தால் சும்மா உருட்டிப் பார்க்கையில் சரியாகத்தான் தெரியும், சுற்றினால்தான் ஆட்டம் வெளிவரும், அதனால் இரண்டு முனையிலும் அளக்கிற மிஷின் வேண்டும். அது சரியானதும் முன்னால் புல்லி, பின்னால் பிளைவீல், அப்புறம் கவர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, புதிதாகச் சேர்த்ததில் மட்டும் எடையைச் சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாக மாட்டிவிட்டு எடை குறைக்கப் பிளைவீலில் மட்டும் ஓட்டை போட்டால் அன்றைக்குச் சரியாக இருக்கும், நாளைக்குக் கிளட்ச் கவரை மாற்றினால் கதை முடிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் சென்டர் பஞ்சால் இரண்டு சாமானிலும் குறி அடித்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது குறிக்குக் குறி நிற்க வேண்டும். கவருக்கும் பிளைவீலுக்கும் நடுவில் இருக்கிற கிளட்ச் பிளேட்டை இந்தச் செட்டில் சேர்க்க வேண்டாம், அது ஒவ்வொரு மிதிக்கும் இடம் மாறி உட்காரும், அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

உலகத் தரக் கணக்கில் பிளைவீலுக்கு வழக்கமாகச் சொல்லும் பேலன்ஸ் அளவு ஜி 6.3. பத்து கிலோ பிளைவீல், 5000 சுற்று என்றால், 12 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கிராம் வரை மன்னிப்பு. ஒரே ஒரு கிராம்! ஆனால் அனுப்புவதற்கு முன்னால் டயல் கேஜ் (நூலிழை ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் கருவி) வைத்து பிளைவீல் நேராகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். அடியில் ஒரு சின்னப் பிசிறு மாட்டியிருந்தாலே முகம் கோணலாகிவிடும், கோணலை எடை பார்த்துத் தீர்க்க முடியாது.

பிஸ்டனும் கனெக்டிங் ராடும் பட்டறையிலேயே முடிகிற வேலை. நகைக்கடை எலெக்ட்ரானிக் தராசு மாதிரி ஒன்று போதும். நாலு பிஸ்டனில் எது எடை குறைவோ, மற்ற மூன்றையும் உள்பக்கம் லேசாகச் சுரண்டி அதற்குக் கொண்டுவரணும். ராடு மட்டும் அப்படி மொத்தமாக நிறுத்தால் போதாது, பெரிய முனையையும் சின்ன முனையையும் தனித்தனியாகத் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று கிராங்கோடு சுற்றுகிறது, மற்றது பிஸ்டனோடு மேலும் கீழும் போகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். எடை குறைகிற பக்கம் பிளைவீலில் வெல்டிங் வைத்துக் கூட்டிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. பெரும்பாலான பழைய பிளைவீல் வார்ப்பிரும்பு. சூடு பட்ட இடத்தில் விரிசல் விட்டு, ஓட்டத்தில் சிதறினால் பிளைவீலை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு ஓட்டுகிறவர் காலடிக்கு வரும். அந்தப் பிளைவீலை நான் திரும்பக் கொடுக்கவில்லை, சண்டையே வந்தது, வரட்டும். எடை எடுப்பதாக இருந்தாலும் விளிம்புப் பக்கம், மிஷின்காரர் குறித்த இடத்தில், குறித்த ஆழத்துக்குத்தான் டிரில். கிளட்ச் பிளேட் தேய்கிற முகத்தில் கை வைக்கவே கூடாது.

ஏற்கெனவே கட்டிய என்ஜின் உதறுகிறதா? முதலில் நாலு சிலிண்டரும் அடிக்கிறதா, மவுண்டிங் ரப்பர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் மெதுவாக ஆக்சிலேட்டரை ஏற்றுங்கள். நின்ற இடத்திலேயே குறிப்பிட்ட வேகத்தில் உதறினால் டயரும் புரொப்பல்லரும் நிரபராதி. அதே வேகத்தில் கிளட்சை மிதித்துப் பிடியுங்கள். உதறல் போய்விட்டால் கிளட்ச் பிளேட்டைச் சந்தேகப்படலாம், போகாவிட்டால் கவர், பிளைவீல், கிராங்க்.

இத்தனையும் செய்தால் புது மாருதி மாதிரி ஆகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாது. நாலு சிலிண்டர் வரிசை என்ஜினுக்குப் பிஸ்டன் ஓட்டத்திலேயே, கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஒரு நடுக்கம் உண்டு. அதைப் பட்டறை மிஷினால் எடுக்க முடியாது, அந்த நடுக்கத்துக்கு எதிராகச் சுற்றுகிற பேலன்ஸ் ஷாப்ட் தனியாக வேண்டும், நம் அம்பாசடருக்கு அது கிடையாது. மன்னார்குடி வண்டியிலும் அந்த லேசான முனகல் இன்னும் இருக்கிறது. பெரியவர் அதைத்தான் "என்ஜின் ஓடுதுன்னு தெரியணும்ல" என்கிறார்.