பெயர் சொல்லாமல் அஃபிலியேட் செய்ய எந்தத் துறை ஒத்துவரும்?

அஃபிலியேட் மார்க்கெட்டிங் (பிறர் பொருளை லிங்க் மூலம் பரிந்துரைத்து, விற்பனைக்குக் கமிஷன் வாங்குவது) பற்றி ஆலோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எந்தத் துறையில் வருமானம் அதிகம்? என் பெயரும் முகமும் வெளியே தெரியாமல் செய்ய முடியுமா? இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். பெயரை மறைப்பது என்று முடிவெடுத்த உடனேயே பல துறைகள் கையைவிட்டுப் போய்விடும். கமிஷன் கொழுத்த துறைகள் பலவும் அதில் சேர்த்தி.

முதலில், யாரிடமிருந்து மறைகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வாசகரிடம் பெயரைச் சொல்லாமல் இருக்கலாம், அது உங்கள் உரிமை. பணம் தருபவரிடம் மறைக்க முடியாது. விற்பவரிடமிருந்து கமிஷனை வாங்கித் தரும் அஃபிலியேட் நெட்வொர்க்குகள் உண்மையான பெயர், வங்கிக் கணக்கு, வரி விவரம் எல்லாம் கேட்கும். அமெரிக்க நிறுவனமாக இருந்தால் வெளிநாட்டவரிடம் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் வாங்கும். போலிப் பெயரில் கணக்குத் திறந்தாலோ, இன்னொருவர் வங்கிக் கணக்கைக் கொடுத்தாலோ, சரிபார்ப்பு வரும் நாளில் கணக்கு முடங்கும், சேர்ந்திருந்த கமிஷனும் போய்விடும். "எந்த அடையாளமும் தேவையில்லை, முகம் காட்டாமல் மாதாமாதம் வருமானம்" என்று கோர்ஸ் விற்பவர்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள். அவர்களில் பலருக்கு வருமானமே அந்தக் கோர்ஸ்தான்.

இனி துறைக்கு வருவோம். கடன், காப்பீடு, பங்கு வர்த்தகம், எடைக் குறைப்பு, சத்து மாத்திரை. இங்கெல்லாம் ஒரு விற்பனைக்குக் கிடைக்கும் கமிஷன் கண்ணை உறுத்தும். ஆனால் இவை வாசகரின் பணத்தையோ உடம்பையோ நேரடியாகத் தொடும் விஷயங்கள். கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் இவற்றைத் தனி வகையாக வைத்து, எழுதுபவரின் தகுதியைக் கூடுதலாகப் பார்க்கச் சொல்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த தேடல் மாற்றத்தில் உடல்நலத் தளங்கள் ஏராளமாக அடிவாங்கின. 2022 டிசம்பரில் அந்த வழிகாட்டியில் நேரடி அனுபவம் என்ற அளவுகோலும் சேர்ந்தது. சர்க்கரை நோய்க்கு எந்த மாத்திரை நல்லது என்று பெயரில்லாத ஒருவர் எழுதினால் வாசகர் ஏன் நம்ப வேண்டும்? கூகுளை விடுங்கள், அந்த வாசகருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

இந்தச் சிக்கலுக்குச் சிலர் கண்டுபிடித்த வழி மோசமானது. ஏஐ வரைந்த முகத்தை வைத்து, ஒரு 'டாக்டர்' பெயரைச் சூட்டி, இருபது வருட அனுபவம் என்று எழுதிவிடுகிறார்கள். பெயரைச் சொல்லாமல் இருப்பது வேறு, இல்லாத தகுதியைச் சொல்வது வேறு. இரண்டாவது மோசடி. அப்படித் திட்டம் வைத்திருப்பவரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

பெயரில்லாதவருக்கு ஒத்துவருவது, சான்று பொருளிலேயே இருக்கும் துறைகள். கீபோர்டு, மைக், வைஃபை ரூட்டர், கைக்கருவிகள், முதுகுப்பை, மீன் தொட்டிச் சாதனங்கள், சிறு தொழிலுக்கான மென்பொருள். இவற்றில் அளக்க முடிகிறது: எத்தனை டெசிபல் சத்தம், பேட்டரி எத்தனை மணி நேரம், சுவருக்கு அப்பால் வேகம் எவ்வளவு குறைகிறது. 2021 ஏப்ரலில் தொடங்கிய ரிவியூ தொடர்பான மாற்றங்களில் கூகுள் கேட்டதும் இதைத்தான்: சொந்தமாக எடுத்த படம், சொந்த அளவீடு, போட்டிப் பொருளோடு ஒப்பீடு. வீடியோ என்றாலும் இரண்டு கைகள் தெரிந்தால் போதும். நான் வைக்கும் சோதனை எளிது. கட்டுரையிலிருந்து எழுதியவர் பெயரை அழித்துவிட்டுப் படியுங்கள். நம்பிக்கை குறையவில்லை என்றால் அந்தத் துறை உங்களுக்கு ஆகும்.

அப்புறம் லாபக் கணக்கு. கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். 2,000 விலையுள்ள பொருள், 4 சதவீதம் கமிஷன். 100 கிளிக்கில் 5 பேர் வாங்கினால் கிடைப்பது 400. இன்னொரு பக்கம் 5,000 விலையில் ஒரு கோர்ஸ், 50 சதவீதம் கமிஷன், கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் 500 கிளிக்குக்கு ஒருவர்தான் வாங்குகிறார் என்றால் 100 கிளிக்குக்கு 500. வாங்கியவர்களில் மூன்றில் ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்டால் கமிஷனும் திரும்பிப் போகும், மிஞ்சுவது 333 அளவில். மாதச் சந்தா 600 உள்ள மென்பொருள், மாதாமாதம் 20 சதவீதம். 100 கிளிக்குக்கு ஒருவர் சேர்ந்து பத்து மாதம் இருந்தால் 1,200. அதனால் கிளிக்குக்கு எவ்வளவு தேறுகிறது என்று பாருங்கள்.

குக்கி காலமும் முக்கியம், அதாவது லிங்க்கைக் கிளிக் செய்தவர் எவ்வளவு நேரத்துக்குள் வாங்கினால் கமிஷன் உங்களுக்கு என்பது. அமேசானில் பொதுவாக 24 மணி நேரம்தான். ஒரு மாதம் யோசித்து வாங்கும் பொருளுக்கு அது போதாது. 2020 ஏப்ரலில் அமேசான் ஃபர்னிச்சர் உள்ளிட்ட சில வகைகளின் கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்த தளங்களின் வருமானம் பாதிக்கும் கீழே போனது. கமிஷன் தரும் நிறுவனம் இரண்டு மூன்றாவது இல்லாத துறையில் இறங்க வேண்டாம்.

சரி, துறை அமைந்துவிட்டது. அடையாளம் கசிவது எங்கே? பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில்தான். டொமைனை முதல் நாளே தனியுரிமைப் பாதுகாப்போடு பதிவு செய்யுங்கள். டொமைன் யாருடையது என்று காட்டும் பழைய ஹூஇஸ் பதிவுகளைச் சேமித்து விற்கும் சேவைகள் இருப்பதால், பிறகு மறைத்துப் பயன் குறைவு. டாட் யூஎஸ் டொமைனில் அந்த வசதியே கிடையாது. சொந்தப் பெயரில் உள்ள பழைய தளத்தின் அனலிட்டிக்ஸ் (பார்வையாளர் கணக்கு) அல்லது ஆட்சென்ஸ் (விளம்பரக் கணக்கு) எண்ணைப் புதிய தளத்தில் போட்டால், இரண்டும் ஒருவருடையது என்று சில நொடிகளில் கண்டுபிடிக்கலாம். விற்பனை யார் மூலம் வந்தது என்று காட்டும் அமேசான் டிராக்கிங் ஐடி லிங்க்கிலேயே வெளிப்படையாகத் தெரியும். அதில் தன் பெயரையே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வேர்ட்பிரஸ் ஆசிரியர் பக்க முகவரியில் லாகின் பெயர் தெரியலாம். போனில் எடுத்த படத்தில் இடத் தகவல் ஒட்டியிருக்கும், பளபளப்பான பொருளில் உங்கள் முகமும் தெரியலாம். நியூஸ்லெட்டர் அனுப்பினால், அமெரிக்காவின் 2003 ஆம் ஆண்டு மின்னஞ்சல் சட்டப்படி அஞ்சல் முகவரி போட வேண்டும். வீட்டு முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண் செல்லும்.

இதையெல்லாம் அடைத்தாலும் துறையே காட்டிக் கொடுக்கலாம். உலகத்தில் நூறு பேர் செய்யும் வேலையைப் பற்றி எழுதினால், அந்த நூறு பேருக்கும் நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். கூட்டம் உள்ள துறையில்தான் ஒளிய முடியும். வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத் தெரியக் கூடாது என்பதுதான் காரணம் என்றால், அவர்கள் தொழிலோடு உரசாத துறையைத் தேர்ந்தெடுங்கள், ஒப்பந்தத்தையும் ஒருமுறை படியுங்கள்.

பெயரை மறைக்கலாம், கமிஷன் வாங்குவதை மறைக்க முடியாது. அமெரிக்க வாசகர்களை நோக்கி எழுதினால் அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் விதிகள் பொருந்தும். லிங்க்குக்கு அருகிலேயே, படிப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். போலி ரிவியூக்களைத் தடை செய்யும் அதன் தனி விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 'எங்களைப் பற்றி' பக்கத்தில் ஒரு தளப் பெயர், பொருளை எப்படிச் சோதிக்கிறீர்கள், யார் பணம் தருகிறார்கள், பதில் வரும் ஒரு மின்னஞ்சல் முகவரி, இவ்வளவு இருந்தால் போதும்.

இப்படிக் கட்டிய தளத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. முகத்தை நம்பி வளர்ந்த தளத்தை விற்பது கடினம், வாங்குபவருக்கு அந்த முகம் கிடைக்காது. தளப் பெயரும் சோதனை முறையும் மட்டுமே இருந்தால் கை மாறுவது சுலபம். அப்போது வாங்குபவர் வருமானச் சான்றும் உங்கள் அடையாளமும் கேட்பார், பேச்சுவார்த்தைக்கு முன்பே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.